என் பேத்தி சட்டம் போடுகிறாள்

ஜூன் 9, திங்கள்

இந்த டைரி எம்.எல்.ஏ. கொடுத்தது. பொங்கலுக்கு எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். அட்டையில் அவர் கும்பிட்டபடி நிற்கிறார். ஐந்து மாதமாக அரிசி டின் மேல் கிடந்தது. குமுதா அதன் மேல் சூடான பாத்திரத்தை வைத்து வைத்து, அவர் முகத்தில் வட்டமாக ஒரு தழும்பு விழுந்துவிட்டது. இன்றுதான் திறந்தேன். மே மாதம் வரை காலியாக விட்டிருக்கிறேன் என்று யாரும் குறை சொல்ல வேண்டாம். அப்போது எழுதுவதற்கு எதுவும் நடக்கவில்லை.

என் பெயர் தனகோடி. படிப்பு ஐந்தாம் வகுப்பு. மற்றவர்கள் ஒரு வருஷம் படிக்கிற ஐந்தாவதை நான் இரண்டு வருஷம் படித்தேன். அதனால் என் எழுத்து அழுத்தமாக இருக்கும். முத்தியால்பேட்டையில் மகள் குமுதா, பேத்தி இலக்கியா, நான் என்று மூன்று பேர் இருக்கிறோம். குமுதா மாத்திரைக் கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கிறாள். இலக்கியா தனியார் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் படிக்கிறாள். முதல் வருஷம் முடித்துவிட்டாள். இந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். தெருவில் இது எல்லோருக்கும் தெரியும், நான் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் வருஷத்துக்குக் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். போன வாரம் குமுதா கல்லூரி ஆபீசுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

இன்று இலக்கியா சொன்னாள்: "ஆயா, காலேஜுங்க இஷ்டத்துக்குக் கட்டணம் ஏத்தக் கூடாதுன்னு ஒரு சட்டம் வேணும். நாங்களே எழுதிட்டோம். புதன்கிழமை எம்.எல்.ஏ. வூட்டுக்குப் போறோம். நீயும் வா. பெரியவங்க கூட இருந்தாத்தான் உக்காரச் சொல்லுவாங்க."

அதனால்தான் டைரியை எடுத்தேன்.

ஜூன் 11, புதன்

உட்காரச் சொன்னார்கள். எனக்கு மட்டும்தான் நாற்காலி. பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

எங்களுக்கு முன்னால் ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகை வைத்தார், ஒருவர் சாக்கடை அடைப்பு சொன்னார். பிறகு இலக்கியா காகிதக் கட்டைக் கொடுத்தாள். எம்.எல்.ஏ. கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"மனு குடுக்கறவங்களைப் பார்த்திருக்கேன். சட்டத்தையே எழுதிக்கினு வந்து நிக்கறது நீங்கதாம்மா."

இலக்கியாவின் வகுப்புத் தோழி ரிஸ்வானா சும்மா இருக்க மாட்டாள். "மனு குடுத்தா மேல ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவீங்க சார். அப்புறம் அது எந்த ஊருக்குப் போவுதுன்னு யாருக்கும் தெரியாது. சட்டம்னா சபையில வெச்சே ஆவணும் இல்ல?"

"யாரு பொண்ணும்மா நீ?"

"டெய்லர் அஷ்ரப் பொண்ணு சார்."

"அதான், கத்திரிக்கோல் மாதிரி பேசற."

எல்லோரும் சிரித்தோம். அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க இன்னாம்மா சொல்றீங்க?" என்று கேட்டார்.

"நான் அஞ்சாவது படிச்சிருக்கேன். நீங்க குடுத்த டைரியிலதான் தினம் எழுதறேன். இன்னிக்கு நீங்க சொல்றதையும் எழுதப் போறேன்," என்றேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்ஜெட் கூட்டத்தில் மசோதாவாகக் கொண்டுவர முயற்சி செய்கிறேன் என்றார். முயற்சி என்ற சொல்லை அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

கல்லூரி திறந்துவிட்டது. இலக்கியா ஒன்பது மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை ஆணியிலேயே தொங்கியது. தெருமுனை வரை போய்க் கூப்பிட்டேன்.

"மொத நாள் யாரும் கேக்க மாட்டாங்க ஆயா."

கட்டணம் கட்டியாகிவிட்டதா என்று குமுதாவைக் கேட்டேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா," என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

அட்டை ஆணியில் இருக்கிறது. மாவு அரைத்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ் என்று இலக்கியா போய்விட்டாள். வெள்ளிக்கிழமை விடுமுறையாம். கல்லூரிகளில் இப்போது அப்படி இருக்கலாம்.

ரிஸ்வானா மட்டும் வந்து என்னைச் சந்தைக்கு அழைத்துப் போனாள். மசோதாவுக்கு ஆதரவாகக் கையெழுத்து வாங்க வேண்டும். சண்டே மார்க்கெட்டில் பழைய ஜீன்ஸ் விற்கிற கடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் காகிதத்தைப் பார்த்ததும் ஆதார் கார்டை நீட்டினார்கள். ஒரு பெரியவர், "இன்னா குடுக்கறாங்க? புடவையா, குக்கரா?" என்று கேட்டு வரிசையில் நின்றார். சட்டம் என்றதும் வரிசையை விட்டுப் போனார். கொஞ்சம் தூரம் போய்த் திரும்பி வந்து, "எம் பேரன் ப்ளஸ் டூ," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

உனக்கு ஸ்பெஷல் கிளாஸ் இல்லையா என்று ரிஸ்வானாவைக் கேட்டேன். "எந்த ஸ்பெஷல்..." என்று ஆரம்பித்தவள், "எனக்கு வேற குரூப் ஆயா," என்றாள். பிறகு மத்தியானம் வரை சத்தமாகக் கத்திக் கத்தி ஆள் கூப்பிட்டாள்.

ஜூன் 27, வெள்ளி

குழாயடியில் எதிர்வீட்டுச் செங்கேணியைப் பார்த்தேன். பேத்தி என்ன செய்கிறாள் என்று கேட்டாள்.

"சட்டம் போடுறா," என்றேன். இப்போது எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறேன்.

"அதான் தெரியுமேக்கா. நானே பார்த்தேனே."

"சந்தையிலயா?"

"சந்தையில எங்க? மணிக்கூண்டுகிட்ட, பாய் கண்ணாடிக் கடையில. எங்க மாமியார் படத்துக்கு அவதான் சட்டம் போட்டுக் குடுத்தா. கையில சுத்தமான வேலைக்கா. படம் ஒரு சுருக்கம் இல்லாம உக்காந்துகிது. வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். செங்கேணியின் மாமியார் சுவரில் நேராக இருந்தாள். உயிரோடு இருந்தபோது கொஞ்சம் கூன்.

"படிச்சிக்கினே வேலைக்கும் போறாளாக்கா?" என்று செங்கேணி கேட்டாள்.

"படிக்கற பிள்ளைங்களுக்குக் கைவேலையும் தெரியணும்னு கல்லூரியில அனுப்பறாங்க," என்றேன்.

வீட்டுக்கு வந்து சாம்பார் வைத்தேன். விடுமுறை என்பதால் இலக்கியாவும் வீட்டில்தான் சாப்பிட்டாள். உப்புப் போடவில்லை என்று குமுதா சொன்னாள்.

ஜூன் 30, திங்கள்

தேங்காயெண்ணெய் வாங்க மணிக்கூண்டுப் பக்கம் போனேன். பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் அங்கே நன்றாக இருக்காது.

பாய் கடைக்கு எதிரில் நின்றேன். உள்ளே இலக்கியா ஒரு சட்டத்தைக் குப்புற வைத்துப் பின்பக்க அட்டைக்குச் சின்ன ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஆணியை உதட்டில் வைத்திருந்தாள். கடைச் சுவர் முழுக்கப் படங்கள். சாமி படம் பாதி, மீதி எல்லாம் பட்டம் வாங்கின பிள்ளைகள், கறுப்பு அங்கி போட்டுச் சுருட்டின காகிதத்தைப் பிடித்துக்கொண்டு. அடித்து முடித்துத் திருப்பினாள். அதிலும் அப்படி ஒரு பெண்தான் இருந்தாள். இலக்கியா தன் துப்பட்டாவால் அந்தப் பெண்ணின் முகத்தைத் துடைத்து ஓரமாகச் சாய்த்து வைத்தாள்.

நான் உள்ளே போகவில்லை. எண்ணெய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் வந்தவள் விரலில் துணி சுற்றியிருந்தாள். "காம்பஸ் குத்திடுச்சு ஆயா." பொருளாதாரத்தில் காம்பஸ் உண்டா என்று எனக்குத் தெரியாது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். நாளையிலிருந்து மத்தியானத்துக்குக் கலந்த சாதமாகவே கட்டிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஒரு கையால் சாப்பிட வசதி.

ஜூலை 8, செவ்வாய்

மசோதாவை அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை எங்களுக்குப் படித்துக் காட்டினாள். சேரும்போது சொன்ன கட்டணத்தைப் படிப்பு முடியும் வரை ஏற்றக் கூடாது. ஒரே தடவையில் கட்டச் சொல்லக் கூடாது. பாக்கி இருக்கிறது என்று சர்டிபிகேட்டைப் பிடித்து வைக்கக் கூடாது. மொத்தம் எட்டுப் பிரிவு. மற்றதையெல்லாம் கடகடவென்று படித்தாள். ஏழாம் பிரிவை மட்டும் நிறுத்திப் படித்தாள்.

'கட்டணம் செலுத்த இயலாமல் படிப்பை இடையில் நிறுத்திய மாணவருக்கு, இரண்டு ஆண்டுகளுக்குள், நிறுத்திய வகுப்பிலேயே பழைய கட்டணத்தில் மீண்டும் சேர உரிமை உண்டு.'

"இதை யார் எழுதினது?" என்று கேட்டேன்.

"எல்லாரும் சேர்ந்துதான் எழுதினோம்," என்றாள்.

குமுதா எழுந்து துணி எடுக்க மாடிக்குப் போனாள். கொடியில் துணி இல்லை. சாயங்காலமே நான் எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வெறுங்கையோடு இறங்கி வந்தாள்.

ஜூலை 17, வியாழன்

எம்.எல்.ஏ. போன் செய்தார். அரசாங்கமே மசோதாவை எடுத்துக்கொண்டதாம். ஆகஸ்ட் முதல் தேதி சபையில் வருகிறது. எட்டுப் பிரிவும் அப்படியே.

கேசரி கிளறினேன். இலக்கியா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு அடிச்சட்டியைச் சுரண்டித் தின்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் அவள் பாட்டு முணுமுணுத்துக் கேட்டேன். ஆணியில் இருந்த அட்டையை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் அங்கேயே மாட்டினாள்.

ஜூலை 24, வியாழன்

பிள்ளைகள் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். நான் முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

கல்லூரி நிர்வாகங்கள் அமைச்சரைப் பார்த்திருக்கின்றன. மற்ற பிரிவுகளைப் பொறுத்துக்கொள்வார்களாம். ஏழாம் பிரிவு இருந்தால் கோர்ட்டுக்குப் போவார்களாம். கோர்ட்டுக்குப் போனால் எல்லாமே நின்றுவிடும், எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது. ஏழாம் பிரிவை எடுத்துவிட ஒரு திருத்தம் கொண்டுவந்தால் மீதி ஏழு பிரிவும் அன்றைக்கே நிறைவேறும். உங்கள் சம்மதம் வேண்டும் என்று எம்.எல்.ஏ. கேட்டிருக்கிறார்.

"முடியாதுன்னு சொல்லு," என்றாள் ரிஸ்வானா. "எட்டும் வேணும். இல்லன்னா தெருவுல உக்காருவோம்."

"உக்காந்தா?" என்றாள் இலக்கியா.

"உக்காந்தா குடுப்பாங்க."

"குடுக்கலன்னா? அடுத்த வருஷம் சேர்ற பிள்ளைங்களுக்கு எதுவுமே இருக்காது. கட்டணம் ஏறிக்கினேதான் இருக்கும்."

"ஏழுல எவ்வளோ பேர் இருக்காங்கன்னு உனக்குத் தெரியாதாடி?"

"இடையில நின்னவங்க கொஞ்சம் பேர். சேரப் போறவங்க ஆயிரக்கணக்குல."

"அந்தக் கொஞ்சம் பேருல நீயும்..." என்று ரிஸ்வானா ஆரம்பித்தாள். இலக்கியா அவளைப் பார்த்தாள். ரிஸ்வானா என்னைப் பார்த்தாள். நான் அரிசியைப் பார்த்தேன்.

"கல்லு நிறைய கிடக்குது இந்தத் தடவை," என்றேன்.

பிறகு இலக்கியா, "ஏழை எடுத்துடலாம். நானே போன் பண்றேன்," என்றாள். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தாள். ரிஸ்வானா அழுதாள். இலக்கியா அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "நீ இன்னாத்துக்குடி அழுவற, லூசு," என்றாள்.

எல்லோருக்கும் டீ போட்டேன். ஒரு டம்ளர் உடைந்தது. என் கை வழுக்கிவிட்டது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எம்.எல்.ஏ. பாஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். ரிஸ்வானா, இலக்கியா, நான். பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெற்றிலைப் பையைக்கூட விடவில்லை. பார்வையாளர் மாடத்தில் உட்கார வைத்து ஒரு காவலர் எங்களிடம் சொன்னார்: கைதட்டக் கூடாது, பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, காலைத் தூக்கி வைக்கக் கூடாது. சரி என்றேன்.

மாடம் சபைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. சபாநாயகரின் மேசையில் இருந்த இருமல் மிட்டாய்கூடத் தெரிந்தது. எங்கள் எம்.எல்.ஏ. மேலே பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

மசோதா வந்தது. மந்திரி பேசினார், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் பேசினார். இந்த முயற்சியை எடுத்த மாணவச் செல்வங்கள் என்று எங்கள் எம்.எல்.ஏ. மாடத்தைக் காட்டிச் சொன்னபோது ரிஸ்வானா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். இலக்கியா மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலில் புதிதாக ஒரு வெட்டு.

பிறகு சபாநாயகர் படித்தார். ஏழாம் பிரிவை நீக்குவதற்கான திருத்தம் சபையின் முன் உள்ளது. ஏற்போர் ஆம் என்க.

எல்லோரும் "ஆம்" என்றார்கள். எங்கள் எம்.எல்.ஏ.யும் சொன்னார். சத்தம் பெரிதாக இருந்தது.

மறுப்போர் இல்லை என்க.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சபாநாயகர் காத்திருப்பது மாதிரி எனக்குத் தோன்றியது. கேள்வி என்று ஒன்றைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் இல்லையா? பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கம்.

"இல்லை," என்றேன்.

என் குரல் கொஞ்சம் கனமானது. சபை முழுக்கத் தலையைத் தூக்கியது. எதிர்க்கட்சிக்காரர் சிரித்துவிட்டார். சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாடத்தைப் பார்த்து, "பார்வையாளர்கள் அமைதி காக்க வேண்டும்," என்றார். பிறகு குனிந்து, "ஆம் என்போரே அதிகம். திருத்தம் ஏற்கப்பட்டது," என்று படித்தார். அதிகம் என்றுதான் சொன்னார். எல்லோரும் என்று சொல்லவில்லை.

காவலர் வந்து, "எழுந்து வாங்கம்மா," என்றார். "தெரியாம சொல்லிட்டாங்க சார், வயசானவங்க," என்று இலக்கியா எழுந்தாள். "நீயும் கூட வாம்மா, அவங்களைக் கூட்டிக்கினு போ," என்றார். ரிஸ்வானாவை மட்டும் இருக்க விட்டார்கள்.

அதனால், அவள் எழுதின சட்டம் நிறைவேறியதை அவள் பார்க்கவில்லை. வெளியே படியில் உட்கார்ந்திருந்தோம். எதிரே பூங்காவில் யாரோ சுண்டல் விற்றார்கள். உள்ளேயிருந்து மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. "முடிஞ்சிது," என்றாள் இலக்கியா.

கொஞ்ச நேரம் கழித்து, "எப்பலேந்து தெரியும் ஆயா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"ஆயா."

"செங்கேணி மாமியாருக்குச் சட்டம் போட்டியே, அப்பலேந்து."

அவள் காலில் செருப்பு வாரைச் சரி செய்தாள். "கோணலா வந்துதா?"

"நேராத்தான் இருந்துது."

"நீ தெருவெல்லாம் சொல்லி வெச்சிருந்த. உங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான்..."

"சுண்டல் வாங்கு," என்றேன்.

வாங்கி வந்தாள். ரிஸ்வானா ஓடி வந்து எங்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொண்டபோது பாதி கொட்டிவிட்டது.

ஆகஸ்ட் 2, சனி

பேப்பரில் சட்டம் பற்றி வந்திருக்கிறது. மாடத்தில் ஒரு மூதாட்டி குறுக்கிட்டதால் சலசலப்பு என்றும் ஒரு வரி. பேர் போடவில்லை. குமுதா அதைப் படித்துவிட்டு, "யாரும்மா அந்தக் கிழவி?" என்று கேட்டு, சிரித்து, பிறகு கொஞ்சம் அழுதாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இலக்கியா இன்று கல்லூரிப் பையை எடுத்துப் போகவில்லை. ஒன்பது மணிக்குச் சும்மா கையை வீசிக்கொண்டு கிளம்பினாள். மத்தியானம் சோறு, குழம்பு, ரசம், பொரியல் எல்லாம் தனித்தனியாக எடுத்துக்கொண்டு நான் கடைக்குப் போனேன். பாய் எழுந்து எனக்கு ஸ்டூல் போட்டார். "சபையிலயே பேசுனவங்க, உக்காருங்கம்மா," என்றார். ரிஸ்வானா சொல்லியிருக்கிறாள்.

சாப்பிட்டுக்கொண்டே இலக்கியா சொன்னாள்: "அடுத்த ஜூன்ல புதுசா சேரலாம்னு இருக்கேன். இந்த வருஷம் சம்பாதிச்சு வெச்சுக்கினா, சட்டம் இருக்குது, நடுவுல ஏத்த முடியாது. ஆனா மொதல் வருஷத்துலேந்து ஆரம்பிக்கணும். படிச்ச பாடத்தையே திரும்பப் படிக்கணும் ஆயா."

"அஞ்சாவதை நான்..."

"ரெண்டு வருஷம் படிச்ச. எழுத்து அழுத்தமா இருக்கும். தெரியும், தெரியும்."

அவளுக்கு ரசம் ஊற்றினேன். அடுத்த ஜூன் இந்த டைரியில் இல்லை. டிசம்பரோடு முடிகிறது. இன்னொன்றுக்கு எம்.எல்.ஏ.விடம் இப்போதே சொல்லி வைக்க வேண்டும்.

திரும்பி வரும்போது குழாயடியில் செங்கேணி, "தூக்கோட எங்கக்கா போயிட்டு வர?" என்றாள்.

"பேத்திக்குச் சோறு குடுத்துட்டு வரேன். சட்டம் போடுறா இல்ல."

"எந்தச் சட்டம்க்கா? படத்துக்கா, சபையிலயா?"

"ரெண்டுந்தான்," என்று சொல்லிவிட்டுத் தூக்கைக் கழுவக் குழாய்க்கு அடியில் வைத்தேன்.